ஏழாவது அடுப்பு

பிரெஞ்சு மலைக்கிராமமான லா வெர்னியேரில் வீடுகளை எண்ணுகிற வழக்கம் இல்லை, அடுப்புகளைத்தான் எண்ணுவார்கள். மலைச்சரிவில் கீழிருந்து மேலாக மொத்தம் பதினான்கு அடுப்புகள். நிலமும் மாடும் ஆண்கள் பெயரில் இருக்கும். அடுப்பு மட்டும் அதில் சமைக்கிறவள் பெயரில். ஆறாவது யூலாலியின் அடுப்பு. ஏழாவது லியோந்தீனின் அடுப்பு. எட்டாவது ஸெலியின் அடுப்பு.

லியோந்தீன் நவம்பரில், கல்லறைத் திருநாள் கழிந்த ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு மத்தியானம், அவளுடைய கணவர் ஜெர்வே ஜன்னலோரம் உட்கார்ந்து யூலாலிக்காகக் காத்திருந்தார். அறுபத்துமூன்று வயது. சவரம் செய்து, காலர் வைத்த சட்டை போட்டிருந்தார். மேசையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார். வருகிறவளுக்குக் கொடுக்க மலைவேர்ச் சாராயப் புட்டியும் இரண்டு சின்னக் கண்ணாடிக் கோப்பைகளும் தயாராக இருந்தன.

ஒவ்வொரு ஞாயிறும் ஓர் அடுப்பு கோயிலுக்கு ரொட்டி கொடுக்கும். முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த பெரிய வட்ட ரொட்டி. கீழூரிலிருந்து வருகிற சாமியார் பூசை முடிவில் அதை மந்திரிப்பார். துண்டு போட்டுக் கூடையில் எல்லோருக்கும் கொடுப்பார்கள். வெட்டுகிற முதல் துண்டை மட்டும் யாரும் தின்னக்கூடாது. அது தலைத்துண்டு. ரொட்டி கொடுத்தவள் அதை வெள்ளைத் துணியில் சுற்றி, பொழுது சாய்வதற்குள் அடுத்த அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுப்பதைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். தலைத்துண்டு வந்துவிட்டால் வரும் ஞாயிறு அவர்கள் முறை.

காலையில் ரொட்டி கொடுத்தவள் யூலாலி. அடுத்தது ஏழு.

மூன்று மணிக்கு யூலாலி சந்தின் திருப்பத்தில் தெரிந்தாள். கறுப்புச் சால்வை, கையில் வெள்ளைத் துணி. ஜெர்வே எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுப் பக்கம் போனார். தட்டுவதற்கு முன்பே திறந்தால் காத்துக்கிடந்தது தெரிந்துவிடும் என்று கைப்பிடிக்கு அருகில் நின்றார்.

யாரும் தட்டவில்லை.

ஜன்னலுக்குத் திரும்பி வந்து பார்த்தார். யூலாலி சந்தின் எதிர்ப்பக்கம், கற்சுவரை ஒட்டி, தலையைக் குனிந்துகொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தாள். பிரேதம் கிடக்கிற வீட்டைக் கடந்து போகிறவள்போல நடந்தாள். ஸெலியின் வாசலில் நின்று மரச்செருப்பைச் சுவரில் தட்டிப் பனியை உதறினாள். கதவு திறந்தது. வெள்ளைத் துணி உள்ளே போனது.

ஜெர்வே கோப்பைகளை எடுத்து அலமாரியில் வைத்தார்.

மாடு கறக்கிற நேரம் வரும்வரைக்கும் அவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு வாரமாக மேசை இழுப்பறையில் கிடந்த மகளின் கடிதத்தை எடுத்தார். ஒதெத் பாரிஸில் இருக்கிறாள். அவளும் புருஷனும் கரியும் திராட்சை மதுவும் விற்கிற கடை வைத்திருக்கிறார்கள். ‘அப்பா, கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. ஈஸ்டருக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறோம். மாடுகளுக்கு ஆள் பார்க்க வேண்டும், சீக்கிரம் பதில் போடுங்கள்’ என்று எழுதியிருந்தாள். ஜெர்வே பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். ‘ஈஸ்டருக்கு வா. மாடுகளுக்கு ஆள் பார்க்கலாம்.’ வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. தபால்காரர் வியாழக்கிழமை வருவார்.

பிறகு கொட்டகைக்குப் போனார்.

அந்த மலையின் செம்மாடுகள் கன்று பக்கத்தில் இல்லாமல் ஒரு சொட்டுப் பால் இறக்காது. கன்றை அவிழ்த்து விட்டு நாலு மடக்கு ஊட்டவைத்து, பிறகு இழுத்துத் தாயின் முன்னங்காலில் கட்டி, அதன் முதுகில் ஒரு பிடி உப்பைத் தேய்க்க வேண்டும். தாய் நக்கிக்கொண்டே இருக்கும். அது நக்குகிற வரைக்கும் பால் வரும். முன்பெல்லாம் லியோந்தீன் கன்றைப் பிடித்துக்கொள்வாள், அவர் கறப்பார். இப்போது இரண்டு வேலையும் அவர்தான். சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த உப்புப்பெட்டியைக்கூட, ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்வர முடியாமல், நவம்பரிலேயே கொட்டகைத் தூணுக்குக் கொண்டுவந்து ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

தாய்மாடு ரூசெத், கன்றின் முதுகைச் சர்க் சர்க்கென்று நக்கியது. ஜெர்வே மாட்டின் வெதுவெதுப்பான விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு கறந்தார். “ஆண்டவரே, உம்முடைய சித்தம்” என்று சொல்ல ஆரம்பித்து, மேலே சொல்லவராமல் நிறுத்திவிட்டார்.

பால் வாளியோடு வீட்டுக்குள் வந்து கால் மணி ஆகியிருக்காது. வெளியே எசீர் வீச ஆரம்பித்திருந்தது. கிடக்கிற பனியையும் வாரி முகத்தில் அடிக்கிற காற்று அது. கதவைத் தட்டாமலே தள்ளித் திறந்துகொண்டு ஸெலி உள்ளே வந்தாள். கல்யாணம் ஆகாதவள், ஒன்பது ஆடுகளோடு இருக்கிறாள். ஜெர்வேயும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஞானோபதேசம் படித்தவர்கள்.

“உயிரோட இருக்கியா, இல்ல சாமியாருக்குச் சொல்லி அனுப்பவா?”

“கதவைச் சாத்து. பனி வருது.”

“வாய் இருக்கு. அப்ப உயிரும் இருக்கு.” சால்வைக்குள்ளிருந்து வெள்ளைத் துணிப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். “இந்தா. இது உன்னோடது.”

“எடுத்துட்டுப் போ ஸெலி. உன் வீட்டுக்குத்தானே வந்துச்சு. என் கண்ணால பாத்தேன்.”

“பாத்தியா? பாத்துட்டு ஜன்னலுக்குள்ளயே உக்காந்திருந்தியாக்கும். ‘ஏ யூலாலி, இங்க வா’ன்னு ஒரு சத்தம் குடுக்க மாட்ட?”

“கூப்பிட்டு வாங்கிக்க அது என்ன பிச்சையா?”

“எனக்கு எண்ணத் தெரியும் ஜெர்வே. ஆறுக்கு அப்புறம் ஏழு. ஆறுலேர்ந்து எட்டுக்குத் தாவுறதுக்கு தலைத்துண்டு என்ன என் ஆடா? ‘என்னடி, வழி தப்பிட்டியா’ன்னு கேட்டேன். உடனே கண்ணுல தண்ணி வெச்சுக்குறா. ‘பொம்பள இல்லாத வீடு, அந்த மனுசன் எங்க போயி ரொட்டி சுடுவாரு, சங்கடப்படுத்த வேணாம்னுதான் அக்கா’ங்குறா.”

“ஏழாவது அடுப்பு அணைஞ்சுபோச்சுன்னு ஊரே பேசி முடிச்சிட்டீங்க.”

“ஊரு எங்க பேசுச்சு? அவ ஒருத்தி நெனச்சா, அதுவும் நல்லதுக்குத்தான் நெனச்சா. சரி, நீ சொல்லு. அடக்கம் முடிஞ்ச வாரம் சூப்பு கொண்டாந்து கதவைத் தட்டினா. பன்னி அடிச்சப்ப கறி கொண்டாந்தா. மூணு ராஜாக்கள் திருநாளுக்கு மறுபடி வந்தா. ஒரு தரமாவது தெறந்தியா?”

ஜெர்வே விறகை ஒதுக்குவதுபோல அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று தரமும் தட்டியது அவருக்குக் கேட்டது. மூன்று தரமும் மாட்டின் விலாவில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் நிற்கிறவரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்.

“கொட்டாய்ல இருந்தேன்” என்றார்.

“ஆமா, மூணு தரமும் கொட்டாய்லதான் இருந்த. அந்த மாட்டுக்கே சலிச்சுப்போயிருக்கும்.” சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தவள் கண்ணில் மேசைமேல் அவர் எழுதி வைத்திருந்த கடிதம் பட்டது. அவளுக்கு அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதில் கூச்சம் ஒன்றும் கிடையாது. படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“பாரிஸுக்கா?”

“ஈஸ்டருக்கு.”

“கரி மூட்டை பக்கத்துல.”

“கணப்பு இருக்காம். மாடு இல்ல, பனி இல்ல.”

ஸெலி ஜன்னல் பக்கம் திரும்பினாள். காற்று புகைபோக்கிக்குள் புகுந்து ஊளையிட்டது.

“எனக்குக் கீழ ஒரு வீடு பூட்டிக் கெடக்கும் அப்ப” என்றாள். “சாயங்காலம் ஆட்டை அடைக்கிறப்ப உன் ஜன்னல்ல வெளக்கு தெரியும். அதைப் பாத்துட்டுத்தான் நான் கதவைச் சாத்துறது. அதை உனக்குச் சொன்னதில்ல. சொல்லணும்னு தோணல.” பிறகு உடனே குரலை மாற்றிக்கொண்டாள். “போறவன் போ. ஆனா மொறையைக் கழிச்சிட்டுப் போ. ரொட்டி சுடத் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு, அடுத்த ஞாயிறு நானே சுடுறேன். தெரியுமா தெரியாதா?”

“சுட்டேன்” என்றார் ஜெர்வே. “மூணு. ஜனவரி முழுக்க, இந்த அடுப்புலயே சட்டியில வெச்சு.”

“சுட்டியா?”

“மொறை வருமேன்னுதான். அவ மாவு பிசையிறதை நாப்பது வருசம் பாத்திருக்கேனே. மொத ரெண்டும் பன்னிக்குப் போட்டேன். அதுவே மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. மூணாவது அங்க இருக்கு.”

ஸெலி எழுந்துபோய் முதலில் ரொட்டியைப் பார்க்கவில்லை. அடுப்போரம் இருந்த மண்சாடியின் துணியைத் தூக்கி மோந்து பார்த்தாள். புளித்தமாவு குமிழ் விட்டுப் பொங்கி, ஆப்பிள் வாசனை அடித்துக்கொண்டிருந்தது.

“இது யாரோடது?”

“அவளோடதுதான்.”

“மூணு மாசம் யாரு இதுக்கு மாவு போட்டு வெச்சது?”

“நான்தான். சனிக்கிழமை சனிக்கிழமை. படுக்கையில கெடக்கிறப்ப சொன்னா, நீ திங்காட்டியும் அதுக்குப் போட்டுருன்னு.”

ஸெலி துணியை மெதுவாகத் திரும்ப மூடினாள். சாடியின் வாயை ஒரு தடவை தடவிவிட்டாள். “அட கிறுக்கா. அப்புறம் யாரு சொன்னது அணைஞ்சுபோச்சுன்னு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ரொட்டியின் ஓரத்தைக் கத்தியால் அரிந்து வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே அவரைப் பார்த்தாள்.

“நல்லா பொங்கியிருக்கு. நல்லா வெந்திருக்கு. ஜெர்வே, உப்பு எங்கே?”

“என்ன?”

“உப்பு. உப்பு போட்டியா?”

ஜெர்வே சுவரைப் பார்த்தார். புகைபோக்கிக்குப் பக்கத்தில், உப்புப்பெட்டி நாற்பது வருஷம் தொங்கிய இடத்தில், வெளுத்த சதுரம் ஒன்று இருந்தது.

“கொட்டாய்ல இருக்கு” என்றார். “கன்னுக்குட்டிக்கு.”

ஸெலி தொங்கிக்கொண்டிருந்த சூப்புச் சட்டியில் கரண்டியை விட்டு ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். “கடவுளே! மூணு மாசமா இதையா குடிக்கிற?”

“எதுலயும் ருசி இல்ல ஸெலி. அவ போனதுலேர்ந்தே இல்ல. மனசு அப்படி இருக்குன்னு விட்டுட்டேன்.”

ஸெலி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல், பெஞ்சில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “லியோந்தீன் பாவம், அவ எதையும் எடுத்துட்டுப் போகல மனுசா. வீட்டு உப்பு பூராவும் நீயே தூக்கிட்டுப்போயி கன்னுக்குட்டி முதுகுல தேச்சிருக்க!”

ஜெர்வேக்கும் சிரிப்பு வந்தது. மூன்று மாதம் பயன்படாமல் கிடந்த சிரிப்பு, தொண்டையில் கரகரவென்று இடறிக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் அவர் கேட்டார்:

“அப்ப அது வெறும் உப்புதானா?”

ஸெலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவசரப்படாமல் பதில் சொன்னாள்.

“பாதி உப்பு.”

எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டாள். “மீதிப் பாதிக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. என் வீட்டுலயும் அந்தப் பாதி அப்படியேதான் இருக்கு.” தலைத்துண்டை மேசையின் நடுவுக்கு நகர்த்தி வைத்துவிட்டு, சாராயம்கூட வாங்கிக் குடிக்காமல் காற்றுக்குள் புகுந்து போனாள். ஜெர்வே லாந்தரை ஜன்னலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

வியாழக்கிழமை தபால்காரர் வந்து கதவருகில் நின்றபோது, “இன்னைக்கு ஒண்ணும் இல்ல” என்றார் ஜெர்வே. அவர் எழுதிய கடிதம் இழுப்பறையில் இருந்தது. கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

சனிக்கிழமை, ஊருக்கெல்லாம் பொதுவான ரொட்டி சுடும் கூண்டில் நெருப்பு போடுகிற நாள். கூண்டுக்கு முன்னால் பெண்கள் கூடைகளோடு நிற்பார்கள். ஆம்பளை என்று இருப்பது விறகு போடுகிற பாப்தீஸ்த் ஒருவன்தான், யூலாலியின் புருஷன். ஜெர்வே கூடையைத் துணியால் மூடி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“வாங்க ஜெர்வே அண்ணே” என்றான் பாப்தீஸ்த். “இடுப்புல ஒரு துணி கட்டிக்கிட்டா இன்னும் லட்சணமா இருக்கும்.”

“உன் பொண்டாட்டிகிட்ட ஒண்ணு வாங்கிக் குடு, கட்டிக்கிறேன். நீதான் தெனமும் கட்டுறியாமே, ரெண்டு இருக்கும்ல?”

பெண்கள் சிரித்தார்கள். பாப்தீஸ்தும் சிரித்தான். யூலாலி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. அன்றைய வரிசையில் முதல் ஆள் அவள். கூண்டுக்கு நடுவில், சூடு சீராக விழுகிற இடம் அவளுடைய ரொட்டிக்கு. அவள் நீளக் கரண்டியில் தன் ரொட்டியை வைத்து உள்ளே நீட்டினாள். நடு இடத்தைத் தாண்டி, கருகினாலும் கருகட்டும் என்று பின்சுவர் ஓரமாகத் தள்ளினாள். கரண்டியை இழுத்து ஜெர்வேயின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். அவர் தன் மாவை அதில் கவிழ்த்தார். நடுவில் வெறுமையாக இருந்த இடத்தில் அவளே கொண்டுபோய் இறக்கி வைத்தாள்.

ரொட்டி ஒரு பக்கம் சாய்ந்துதான் வந்தது. ஆனால் நல்ல பழுப்பு. உப்பு இரண்டு தடவை நினைவு பார்த்துப் போட்டிருந்தார்.

ஞாயிறு காலை பூசைக்கு முன் சாமியாரிடம் போனார். சாமியார் ரொட்டியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சீட்டை எடுத்தார். எந்த அடுப்பு ரொட்டி கொடுத்தது என்று பிரசங்கத்துக்குப் பிறகு வாசிக்க வேண்டும்.

“ஜெர்வேன்னு எழுதட்டுமா?”

“அடுப்புக்கு ஆம்பளைப் பேரு கெடையாது சாமி.”

“சரி. அப்ப எப்படி எழுதுறது?”

“லியோந்தீன்.”

சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “மூணு மாசமா, இறந்துபோய் உத்திரிக்கிற ஆன்மாக்களோட அவங்க பேரை வாசிச்சுட்டு வர்றேன். இன்னைக்கும் வாசிப்பேன். ஒரே பேரு ரெண்டு எடத்துல வருமே?”

“வரட்டும் சாமி. ரெண்டும் உண்மைதானே.”

சாமியார் எழுதினார்.

வாசித்தபோது கோயிலில் குளிர்காலத்து இருமல்கூட நின்றிருந்தது. முதலில் இறந்தவர்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. லியோந்தீன் என்றதும் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு சாமியார் தாளைத் திருப்பினார். “இந்த ஞாயிறு ரொட்டி கொடுப்பது, லியோந்தீனின் அடுப்பு.” பெண்கள் பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஜெர்வே தொப்பியைக் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். கூடை வரிசை வரிசையாகப் போனது. எல்லோரும் மெல்லுகிற சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். உப்பு இருந்தது.

மத்தியானம் காற்று அடங்கி வெயில் அடித்தது. பூசைக்குப் பிறகு விழுந்த புதுப்பனி கணுக்கால் வரைக்கும் கிடந்தது. ஜெர்வே தலைத்துண்டை லியோந்தீனின் திருநாள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸெலியின் வீட்டுக்கு ஏறினார். நவம்பருக்குப் பிறகு அவர் போய்த் தட்டுகிற முதல் கதவு. எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பதுகூட மறந்திருந்தது.

“மெதுவா, மெதுவா! உடைச்சிடாத!” என்று ஸெலி உள்ளேயிருந்து கத்தினாள்.

ஆட்டுப்பால் கட்டியும், வறுத்த கஷ்கொட்டையும், ஒரு கோப்பைச் சாராயமும் வைத்தாள். இரண்டு பேரும் ஆடுகளைப் பற்றிப் பேசினார்கள். ஒரு ஆட்டுக்குக் குளம்பில் சீழ். மெல்ல அவள் கேட்டாள்:

“கடுதாசி போட்டாச்சா?”

“இன்னும் இல்ல.” கஷ்கொட்டைத் தோலை உரித்து உரித்து வரிசையாக வைத்தார். “அடுத்த மொறை எப்ப வரும்?”

“பதினாலு ஞாயிறு. மே மாசம் நடுவுல. மாடு மலைக்கு ஏறுறதுக்கு முந்தின வாரம்.”

“ம்” என்றார் ஜெர்வே. “அப்ப ஈஸ்டருக்கு வர முடியாதுன்னு எழுதணும். மொறை இருக்குல்ல. ஒதெத்துக்குப் புரியும், அவ இந்த ஊர்ல பொறந்தவதானே.”

“அதுக்கு அப்புறம்?”

“அதுக்கு அப்புறம் பதினாலு.”

ஸெலி அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். தனக்கும் ஊற்றிக்கொண்டாள்.

இறங்கி வரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. தன் வாசல் வரும்வரைக்கும் பனியில் இருந்தவை அவர் ஏறிப்போன தடங்கள் மட்டும்தான். வாசலில் வேறு தடம் இருந்தது.

மரச்செருப்புத் தடம்; சின்னது. கீழேயிருந்து வந்து கதவு முன்னால் நின்றிருக்கிறது. அங்கே பனி நன்றாக மிதிபட்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று காத்திருந்த மிதி. பிறகு வந்த வழியே திரும்பிப் போயிருந்தது. படியில் மூடிபோட்ட கிண்ணம் ஒன்று, இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

யூலாலி நான்காவது தரமாக வந்து தட்டியிருக்கிறாள். உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருப்பாள்.

கொட்டகையில் ரூசெத் ஒரு தடவை குரல் கொடுத்தது. “இரு, வர்றேன்” என்றார் ஜெர்வே. கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைத் திறக்காமலே திரும்பினார். அவருடைய செருப்பு பெரிது. அந்தச் சின்னத் தடங்களில் முழுதாகப் பதியவில்லை. ஆனாலும் ஒன்றுவிடாமல் ஒவ்வொன்றிலும் காலை வைத்து, ஆறாவது அடுப்பின் கதவுக்கு இறங்கி நடந்தார்.